ஐயாயிரம் ரூபாயும் அஃபிலியேட் உபதேசமும்

அண்மைக் காலத்தில் நம்மவரிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயங்களில் ஒன்று, கடை வைக்க மூலதனம் இல்லாதவனுக்கும், உத்தியோகம் தேடித் தேடிச் சலித்த பட்டதாரிக்கும், குழந்தை உறங்கிய பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரத்தைத் தவிர வேறு ஆஸ்தி எதுவும் தமக்கென்று இல்லாத குடும்பப் பெண்களுக்கும் அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்னும் தொழில் ஒரு கற்பக விருட்சமாக வாய்த்திருக்கிறது என்பதாகும். ஐயாயிரம் ரூபாய் இருந்தால் தாராளம், அதுவும் இல்லையென்றால் கையிலிருக்கும் போனே போதும், சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், பொட்டலம் கட்ட வேண்டாம், ஊர் உறங்கும் நேரத்திலும் கமிஷன் வந்து விழுந்துகொண்டே இருக்கும் என்று இதற்கு ஒரு பல்லவியும் உண்டு. ஏமாற்றுக்காரர்கள் மட்டுமே இப்படிச் சொல்லிவந்தால் மறுப்புக் கட்டுரைக்கு அவசியமே இராது. அவர்களைக் கவனிக்கப் போலீஸார் இருக்கிறார்கள். படித்தவர்களும், பிறர் நன்மையை மெய்யாகவே விரும்புகிறவர்களும், வேலையில்லாத தம்பிக்கோ மைத்துனனுக்கோ ஏதேனும் ஒரு வழி சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் இதையே சொல்லி அனுப்புகிறார்கள் என்பதனால்தான், இதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். இத்தொழிலின் அமைப்பு எளிமையானது. விற்பனை ஸ்தாபனம், உங்களுக்கென்று ஓர் அடையாளக் குறி பொதிந்த லிங்க் ஒன்றைத் தருகிறது. அதை நீங்கள் யூடியூபிலோ, டெலிகிராமிலோ, சொந்தமாக ஒரு தளம் வைத்து அதிலோ போடுகிறீர்கள். ஒருவர் அதைத் தொட்டு அந்தக் கடைக்குள் நுழைந்ததும் அவருடைய பிரவுசரில் குக்கி என்னும் சிறு குறிப்பு பதிகிறது. அமேசானின் பொது விதிப்படி 24 மணி நேரத்துக்குள் அவர் வாங்கினால், விலையில் ஒரு விகிதம் உங்கள் கணக்கில் ஏறும். சேருவதற்குக் கட்டணம் இல்லை. கிடங்கும் கூரியரும் உங்களைச் சேர்ந்த கவலை அல்ல. இவ்வளவும் உண்மையே. இவற்றிலிருந்து, 'ஆகையால் இது முதல் இல்லாத தொழில். சிறு தொகை உள்ளவன் தயங்காமல் இறங்கலாம்' என்று ஒரு முடிவைக் கறந்தெடுக்கிறார்களே, என் ஆட்சேபம் அந்த முடிவைப் பற்றியது.

இத்தரகு எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் ஓரளவு விளங்கும். 1989-இல் அமெரிக்காவில் வில்லியம் டோபின் என்பவர் பிராடிஜி என்னும் கணினி வலையமைப்பின் வழியே பூவும் பரிசுப் பொருளும் விற்கத் தொடங்கி, விற்ற விலையில் ஒரு பங்கை அந்த வலையமைப்புக்குக் கொடுத்துவந்தார். 1994-இல் சி.டி. நவ் என்னும் இசைத்தட்டுக் கடை, பிறர் தளங்களிலிருந்து வந்து வாங்குகிறவர்களுக்காக அத்தளக்காரர்களுக்குக் கமிஷன் தர ஏற்பாடு செய்தது. 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. இவர்களில் ஒருவரும் ஏழை எளியவர்களுக்குப் பிழைப்புக் காட்டும் தர்ம சிந்தையால் இதில் இறங்கவில்லை. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால், சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் பத்திரிகைக்குப் பணம் கட்டியாக வேண்டும். தரகனுக்கோ விற்ற பிறகு கொடுத்தால் போதும், விற்காவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். இதுவரை வியாபாரியின் தலையில் இருந்துவந்த விளம்பர நஷ்டம் அப்படியே தரகனின் தலைக்கு மாறிற்று. ஆயிரம் பேர் ஆயிரம் பக்கங்கள் எழுதி, தொள்ளாயிரம் பக்கங்கள் ஒரு பொருளையும் விற்காமற்போனால், அந்தத் தொள்ளாயிரம் பேரின் உழைப்புக்கு ஸ்தாபனத்தின் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பத்தியில் ஒரு பைசாவும் ஏறுவதில்லை. முதல் இல்லாத தொழில் என்ற வர்ணனை பொய்யன்று. ஆனால் அது வியாபாரியின் விளம்பரத்தைப் பற்றிய வர்ணனை. அதைத் தரகனுக்கு ஏற்றிச் சொல்லும்போதுதான் பிசகு நேர்கிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நாலாயிரம் ரூபாய் விலையுள்ள மிக்ஸி ஒன்றுக்குக் கமிஷன் நூற்றுக்கு ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மிக்ஸி விற்றால் இருநூறு ரூபாய். நீங்கள் எழுதியதைப் படிக்கும் ஆயிரம் பேரில் ஐம்பது பேர் லிங்க்கைத் தொடுகிறார்கள், அவர்களில் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று கொண்டால், அது குறைவான அனுமானம் அல்ல. மாதம் பதினையாயிரம் ரூபாய், அதாவது ஒரு சிறிய குடும்பம் வாடகையும் மளிகையும் கொடுத்து மூச்சுவிடும் அளவான வருமானம், வரவேண்டுமானால் 75 மிக்ஸிகள் விற்க வேண்டும். அதற்கு மாதந்தோறும் 37,500 பேர் வந்து படிக்க வேண்டும். அவர்களும் சும்மா வந்து போகிறவர்களாக இருந்தால் பயனில்லை. மிக்ஸி வாங்கும் எண்ணத்தோடு, கையில் பணத்தோடு, இந்த மாதத்திலேயே வாங்கிவிடும் தீர்மானத்தோடு வருகிறவர்களாக இருக்க வேண்டும். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் ஏறின கமிஷன் இறங்கிவிடும். மிஞ்சியதும் உடனே கைக்கு வராது. மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்தே அமேசான் அதை அனுப்பும். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கையே மூடிவிடும் விதியும் உண்டு. 'முதலில் உற்றார் உறவினரிடமிருந்து தொடங்கு' என்று உபதேசிகள் சொல்கிறார்களே, அதற்கும் அங்கே இடமில்லை. தனக்கும் தன் நண்பர், உறவினருக்கும் வாங்கும் பொருள்களுக்குக் கமிஷன் கிடையாது என்று ஒப்பந்தமே விலக்கிவைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை முழுதும் படித்த உபதேசி ஒருவரையாவது காண வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

இந்த 37,500 பேரை வரவழைப்பது எது? இங்கேதான் மூலதனம் என்ற பிரச்னை மறுபடி எழுகிறது. பொள்ளாச்சியிலும் அந்தியூரிலும் கூடும் மாட்டுச் சந்தைகளைப் பார்த்தவர்களுக்கு, துண்டுக்கு அடியில் விரல்களைப் பற்றி விலை பேசுகிற தரகரைத் தெரிந்திருக்கும். அவரிடம் மாடும் இல்லை, மாடு வாங்கும் பணமும் இல்லை. இன்றைய உபதேசிகளின் கணக்கில் அவர் முதல் இல்லாமல் சம்பாதிக்கிறவர். ஆனால் பல்லைப் பிடித்து வயதைச் சொல்லவும், சுழியைப் பார்த்து எந்த ஊர்க்காரர் இதை வேண்டாம் என்பார் என்று அறியவும், பத்தடி நடக்கவிட்டுக் குளம்பில் உள்ள கோளாற்றைக் கண்டுகொள்ளவும் அவருக்கு இருபது வருஷம் பிடித்திருக்கிறது. அந்த இருபது வருஷமும், அடுத்த வாரமும் அதே சந்தைக்கு அதே முகத்தோடு வந்தாக வேண்டிய நிர்ப்பந்தமுமே அவருடைய முதல். தரகர்களில் பொய்யரும் உண்டு, அவர்களை நான் புகழ வரவில்லை. பொய்யருக்குங்கூட, பொய் சொல்வதற்கு முன்னால் மாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. மாட்டையே பாராமல், அதன் படத்தைப் பார்த்துத் தரகு பேசலாம் என்னும் சித்தாந்தம் நம் காலத்தில்தான் புதிதாக உதித்திருக்கிறது.

படத்தைப் பார்த்துப் பேசுவது எப்படியிருக்கும் என்பதை மேலே சொன்ன மிக்ஸியிலேயே பார்க்கலாம். 'டாப் 10 மிக்ஸிகள்' என்று தமிழில் வரும் விமரிசனங்களில் பெரும்பாலானவை, 750 வாட்ஸ் மோட்டார், மூன்று ஜார், இரண்டு வருஷ வாரண்டி, அழகிய வடிவமைப்பு என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை வாசித்துக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. வாங்கப்போகிறவளுக்கு அது தெரியாததா? அவள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. ஓர் உழக்கு ஊறவைத்த உளுந்தைப் போட்டு அரைத்தால் மாவு சூடேறாமல் வருமா. நடுவில் மோட்டார் திணறி, அடியிலுள்ள சிவப்புப் பொத்தான் தெறித்து நின்றுபோகுமா. சட்னி ஜாரில் ஒரு கைப்பிடி தேங்காயும் பொட்டுக்கடலையும் மட்டும் போட்டால் பிளேடுக்கு எட்டுமா அல்லது சுவரில் ஒட்டிக்கொண்டு, மூன்று தடவை நிறுத்தி ஸ்பூனால் தள்ளிவிட வேண்டியிருக்குமா. மூடியின் வாஷர் ஆறு மாதத்தில் தளர்ந்து, ரசத்துக்குத் தக்காளி அடிக்கும்போது மேடையெல்லாம் வழியுமா. கப்ளர் தேய்ந்துவிட்டால் உள்ளூர்ப் பாத்திரக் கடையில் கிடைக்குமா, அல்லது சர்வீஸ் சென்டர் இருக்கிற ஜில்லாத் தலைநகருக்குப் பஸ் ஏற வேண்டுமா. விடியற்காலையில் போட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிற சத்தமா. இவற்றில் ஒன்றுக்கும் பெட்டியில் விடை இல்லை. பொருளை வாங்கிச் சில மாதம் அடுக்களையில் புழங்கினவர்களுக்கே இந்த விடைகள் தெரியும்; தெரிந்தவர் எழுதினால், எழுத்தில் அழகு குறைந்திருந்தாலும் படிக்கிறவள் நம்புகிறாள், நம்பி அந்த லிங்க்கைத் தொடுகிறாள்.

ஆகவே இத்தொழிலுக்கு வேண்டிய மூலதனம், ஏதேனும் ஒரு துறையில் கைபட்ட அறிவும், அந்த அறிவைக் கேட்டு நடக்கத் தயாராயிருக்கும் ஒரு கூட்டமும் ஆகும். இவ்விரண்டும் உள்ளவனுக்கு ஐயாயிரம்கூட வேண்டியதில்லை. இவ்விரண்டும் இல்லாதவனுக்கு ஐந்து லட்சமும் போதாது. பண அளவையே பேசிக்கொண்டிருக்கிற உபதேசிகள், சிறு தொகையோடு வருகிறவனைப் பார்த்து, 'உன்னிடம் இருப்பது போதும்' என்று தைரியம் சொல்லும்போது, அவனிடம் உண்மையில் எது இல்லை என்பதை அவன் கேட்காதபடி செய்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு பிரபலமான மறுமொழி தயாராக இருக்கிறது. இங்கிலாந்தில் மார்ட்டின் லூயிஸ் என்பவர் 2003-இல் நூறு பவுன் செலவில் ஓர் இணையத்தளம் அமைத்தார். மனி சேவிங் எக்ஸ்பெர்ட் என்னும் அத்தளம் அஃபிலியேட் வருமானத்திலேயே வளர்ந்தது. 2012-இல் அதை 87 மில்லியன் பவுன் வரையிலான தொகைக்கு விற்க ஒப்புக்கொண்டார். நூறு பவுன் எண்பத்தேழு மில்லியன் ஆயிற்று என்றால் கேட்கிறவன் வாயடைத்துப் போவது இயல்பே. ஆனால் கதையில் விட்டுவிடுகிற பகுதியைச் சேர்த்துச் சொன்னால் தோற்றம் மாறிவிடும். தளம் தொடங்குவதற்கு முன்பே அவர் கார்டிஃபில் பத்திரிகைத் தொழில் பயின்றவர், பி.பி.சி.யில் வியாபாரச் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவர், பண விவகாரங்களுக்கென்றே நடந்த ஒரு தொலைக்காட்சியில் தோன்றி, சாமானியக் குடும்பங்கள் பாங்குக்கும் இன்ஷூரன்ஸுக்கும் வீணாகக் கொடுக்கிற பணத்தை எப்படி மிச்சம்பிடிப்பது என்று நாள்தோறும் துருவிக்கொண்டிருந்தவர். நூறு பவுன் அந்த அறிவுக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டுகிற கூலி. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. எது ஜனங்களுக்கு நல்லது என்று முதலில் எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகே அந்தப் பொருளுக்குக் கமிஷன் லிங்க் இருக்கிறதா என்று தேடுவது அத்தளத்தின் முறை. கமிஷன் வரும் லிங்க்குக்கு நட்சத்திரக் குறி இட்டு, கமிஷன் இல்லாத சாதாரண லிங்க்கையும் கூடவே கொடுத்துவிடுவார்கள். லாபம் தரக்கூடிய இடத்தில் லாபத்தை இரண்டாம் ஸ்தானத்துக்குத் தள்ளிய அந்த நடைமுறையை எந்த உபதேசி தம் மாணாக்கர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்? அமெரிக்காவில் பிரையன் லாம் 2011-இல் தொடங்கிய வயர்கட்டர் என்னும் விமரிசனத் தளத்தின் வரலாறும் ஏறக்குறைய இதுவே. கிஸ்மோடோ என்னும் தொழில்நுட்ப இணையத்தளத்தை நடத்திய அனுபவத்தோடு வந்து, ஒவ்வொரு வகையிலும் சிறந்த பொருளைச் சோதித்துச் சொல்வதையே கொள்கையாகக் கொண்டார். 2016-இல் நியூயார்க் டைம்ஸ் சுமார் 30 மில்லியன் டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. இவ்விரண்டு உதாரணங்களையும் எதிர்க்கட்சியார் என்னிடமிருந்து பறித்துக்கொள்ள முடியாது. அவை என் பக்கத்துச் சாட்சிகள்.

இனி, அந்த ஐயாயிரம் ரூபாய் எந்த வழியாகப் போகிறது என்பதைக் கவனிப்போம். எனக்குக் கோபம் வரும் இடமும் இதுதான். 'தொழில் தொடங்குவது எப்படி' என்று விளக்குகிற எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டாலும், முதற்படி டொமைனும் ஹோஸ்டிங்கும் வாங்குவது. அதற்கான லிங்க் கீழே இருக்கும். ஹோஸ்டிங் விற்கும் கம்பெனிகள் தரகர்களுக்குக் கொடுக்கிற கமிஷன், மிக்ஸி குக்கருக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரிது என்பது இத்தொழிலில் உள்ள யாவருக்கும் தெரிந்த விஷயம். மாணாக்கன் தன் முதல் விற்பனைக்காக எத்தனை மாதம் காத்திருப்பானோ தெரியாது, உபதேசிக்கு மாணாக்கனே முதல் விற்பனை. மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மலிவு என்று சொல்லி அந்த ஐயாயிரத்தில் பெரும் பகுதியை அப்போதே கட்டவைத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம்கூட எழுதாதவன் மூன்று வருஷ வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மிஞ்சியது எழுத்தைச் சோதிக்கும் கருவிக்கும், வார்த்தை தேடும் கருவிக்கும் சந்தாவாகப் போகிறது.

இன்னும் ஒரு வகையார் இருக்கிறார்கள். இவர்கள் விற்பது அஃபிலியேட் மார்க்கெட்டிங் கற்பிக்கிற கோர்ஸ். அதில் சேர்ந்தவன் கற்றுக்கொள்கிற வித்தை, அதே கோர்ஸில் இன்னொருவனைச் சேர்ப்பது. சேர்த்தால் பாதிப் பணம் அவனுக்கு. 1978-ஆம் வருஷத்துப் பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும், பிரமிட் முறையை விலக்கிய 2021-ஆம் வருஷத்து நேரடி விற்பனை விதிகளும் எத்தகைய ஏற்பாடுகளை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டன என்பதை இதில் சேர நினைப்பவர்கள் ஒரு முறை படித்துப் பார்ப்பது உத்தமம். ஒவ்வொரு கோர்ஸும் சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. வெளியே ஒருவனுக்காவது உபயோகப்படுகிற பொருள் ஒன்று இருக்கிறதா, அல்லது சேர்ந்தவர்கள் கட்டும் பணமே சுற்றிச் சுற்றி வருகிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் பல கோர்ஸ்களின் சாயம் வெளுத்துவிடும்.

விளம்பரம் செய்து ஆள் சேர்க்கலாம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவரை வரவழைக்க ஐந்து ரூபாய் என்ற மலிவான கணக்கிலேயே, நூறு பேருக்கு ஐந்நூறு ரூபாய் ஆகிறது. அவர்களில் இருபது பேர் கடைக்குப் போய் ஒருவர் மிக்ஸி வாங்கினால் வருவது இருநூறு. வேகமாகச் செய்யச் செய்ய நஷ்டமும் வேகமாக வளர்கிற வியாபாரம் இது. பெரிய கமிஷன் உள்ள பொருளாகத் தேர்ந்துகொள் என்பார்கள். கமிஷன் ஏன் பெரிதாக இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? தானாக விற்கிற பொருளுக்கு யாரும் தரகனுக்கு அள்ளிக் கொடுப்பதில்லை. வட்டி மிகுந்த கடன், நஷ்டம் நிச்சயமான சூதாட்டம் போன்ற ஊக வியாபாரம், யாருக்கும் பயன்படாத பாடம் ஆகியவற்றுக்கே வெகுமதி அதிகம்; அவற்றைச் சிபாரிசு செய்கிறவன் ஒரு முறை சம்பாதித்துவிட்டு, தன்னை நம்பிய கூட்டத்தை ஒரேயடியாக இழக்கிறான். குறுக்கு வழிகளின் கதியும் தெரிந்ததே: யாரும் லிங்க்கைத் தொடாமலே அவர்கள் பிரவுசரில் குக்கியைத் திணித்து, ஈபேயிடமிருந்து லட்சக்கணக்கான டாலர் கமிஷன் பெற்ற இருவர் 2014-இல் அமெரிக்காவில் சிறைக்குப் போனார்கள்.

'உறங்கும்போதும் வருமானம்' என்ற பல்லவியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. விழித்துக்கொண்டிருந்தவர்களுக்கே வருமானம் நிலைக்கவில்லை என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2020 ஏப்ரலில், தொற்றுநோயால் ஜனங்கள் வீட்டுக்குள் அடைபட்டு இணையக் கடைகளையே நம்பியிருந்த சமயத்தில், அமேசான் அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கு 5-லிருந்து 1 ஆகவும் குறைத்தது. சில நாள் முன்னறிவிப்பு, அவ்வளவே. பேரம் பேசத் தரகர்களுக்கு ஒரு சங்கம்கூட இல்லை. 2023 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் முறையைத் திருத்தியபோது, பல வருஷம் பாடுபட்டு வளர்த்த சிறிய விமரிசனத் தளங்கள் பல, சில வாரங்களில் தங்கள் வாசகர்களில் பெரும் பகுதியை இழந்தன. அவற்றுள் பெட்டியைப் பார்த்து எழுதினவையும் உண்டு, நேர்மையாகச் சோதித்து எழுதினவையும் உண்டு. ஆகவே நான் சொல்கிற வழி அபாயமற்றது என்று சாதிக்கவும் மாட்டேன். பிறர் விதிக்கிற விகிதத்திலும் பிறர் காட்டுகிற பாதையிலும் நிற்கிற தொழில் என்பதைத் தெரிந்தே இறங்க வேண்டும்.

கமிஷன் வாங்குவதைச் சொன்னால் வாசகர் ஓடிவிடுவார் என்று மறைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட நெறிமுறைகள், பொருளாதாரத் தொடர்பைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்கின்றன; சிபாரிசு எந்த மொழியிலோ அறிவிப்பும் அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழில் பேசி முடித்துவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போட்டு ஒளிந்துகொள்ள முடியாது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. சட்டம் கிடக்கட்டும், 'இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு' என்று தமிழில் வெளிப்படையாகச் சொன்னால் ஓடிப்போகிற வாசகரை, சொல்லாமல் பிடித்துவைத்து யாருக்கு என்ன லாபம்?

கடைசியாக, எதிர்க்கட்சியின் பலமான வாதம் ஒன்று மிஞ்சுகிறது. வசதியுள்ளவனுக்கு ஆயிரம் வழிகள். வசதியில்லாதவனுக்கு இருக்கிற ஒரே வழியையும் இப்படிப் பயமுறுத்தி அடைப்பது நியாயமா என்பார்கள். வாதத்தின் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வசதியில்லாதவனுக்கு ஐயாயிரம் ரூபாய் சிறு தொகை அல்ல. பெரும்பாலும் அவன் சேமித்துவைத்த தொகை முழுவதும் அதுவே. நஷ்டத்தைத் தாங்கக்கூடியவனுக்குச் சொல்லக் கூசும் புத்திமதியைத் தாங்க முடியாதவனுக்குச் சொல்வது இரக்கம் ஆகாது. அவனுக்கு உண்மையாகவே உதவ விரும்புகிறவர், 'உனக்கு எந்தத் துறையில் கை ஓடுகிறது?' என்று முதலில் கேட்கட்டும். தையல் தெரிந்தவள் தையல் மிஷினைப் பற்றியும், கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன் பம்புசெட்டைப் பற்றியும், பத்து வருஷம் டூவீலர் ஓட்டி டெலிவரி செய்தவன் ஹெல்மெட்டையும் மழைக் கோட்டையும் பற்றியும், சென்னையிலோ பெங்களூரிலோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து பட்டியல் தயாரிக்கிறவனுக்குத் தெரியாத நூறு சங்கதிகளைச் சொல்ல முடியும். டெலிகிராமுக்கும் யூடியூபுக்கும் கட்டணம் இல்லை. டொமைனை ஒரே வருஷத்துக்கு வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதையும் முப்பது பக்கம் எழுதின பிறகு வாங்கலாம். மிச்சம் நாலாயிரத்தையும் சோதிக்கப்போகிற பொருளின்மேல் செலவிட வேண்டும். ஒரு பொருளை வாங்கி, உபயோகித்து, அதன் குணமும் குற்றமும் படத்தோடு எழுதி, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, ஆறு மாதம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று மறுபடியும் எழுத வேண்டும். வரவையும் செலவையும் தனி நோட்டில் குறிக்க வேண்டும். பான் எண்ணைச் சரியாகக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வரிப்பிடித்தம் நூற்றுக்கு இருபதாகிவிடும்.

இப்படிச் செய்தால் முதல் வருஷத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், சோதிக்க வாங்கின பொருளின் விலை திரும்பி வந்தால் அதிர்ஷ்டம் என்பேன். வந்தால் அதைக்கொண்டு இரண்டாவது பொருளை வாங்கலாம். அதுவரை, செய்துகொண்டிருக்கிற வேலை எதுவாயினும் அதை விட வேண்டாம்.